பதினோராம் நாள் வீக்கம்: கம்பொங் தோம் பல் மருத்துவ முகாமில் ஒரு நோயாளி

2023 ஜனவரியில் கம்போடியாவின் கம்பொங் தோம் மாகாணத்தில் நடந்த ஐந்து நாள் பல் மருத்துவ முகாமுக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். அங்கே நான் பல் பிடுங்கிய ஒரு பெண்ணுக்குப் பதினோராம் நாள் தாடைக்குக் கீழே வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போனது. அதற்குள் நாங்கள் எல்லோரும் சிங்கப்பூர் திரும்பி அவரவர் கிளினிக்கில் வேலையைத் தொடங்கிவிட்டோம். அவருக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைத்திருந்த நோட்டும் எங்கள் பெட்டியோடு சிங்கப்பூர் வந்துவிட்டது.

அந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டு முகாமுக்குப் பெயர் கொடுக்கும் இளம் பல் மருத்துவர்களும் மாணவர்களும் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. மறு வருடம் அவரைப் பார்த்துக் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

இடமும் ஏற்பாடும்

கம்பொங் தோம், புனோம் பென்னிலிருந்து சியெம் ரீப் போகும் 6-ஆம் எண் நெடுஞ்சாலையில் பாதி வழியில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் சம்போர் ப்ரெய் குக் கோயில்களைப் பார்க்க இந்தப் பக்கம் வருவார்கள். ஏழாம் நூற்றாண்டுச் செங்கல் கோயில்கள் அவை. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நாங்கள் போனது நெல்வயலும் முந்திரித் தோப்பும் மாறி மாறி வரும் உள்கிராமம் ஒன்றுக்கு.

முகாம் நடந்த இடம் ஒரு புத்த விகாரையின் சாலா. அங்கே மண்டபத்துக்கு 'சாலா' என்று பெயர், பள்ளிக்கூடத்துக்கும் அதே சொல்தான். நம் பாடசாலையில் வருகிற சாலையேதான். மருத்துவரை 'க்ரூ பேட்' என்கிறார்கள். க்ரூ என்பது குரு. பேட் என்பது வைத்தியன் என்ற சொல்லின் உறவு. முதல் நாள் காலை ஒரு பாட்டி, வெற்றிலைக் கறை படிந்த வாயோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படிக் கூப்பிட்டார். அந்தச் சொல்லில் இருந்த மரியாதை எனக்குப் புரிந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கம்போடியாவில் பல் மருத்துவம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் 1975-க்குப் போக வேண்டும். அந்த ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை க்மெர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி. படித்தவர்கள் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்களில் பலர் நாட்டை விட்டு ஓடினார்கள். மருத்துவப் படிப்பை ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. இன்று புனோம் பென்னில் நல்ல பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு, திறமையான மருத்துவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நகரத்தில்தான் இருக்கிறார்கள். கிராமத்துச் சந்தையில் பல் கட்டுவதும் பல் பிடுங்குவதும் முறையாகப் படிக்காமல், அப்பாவிடமோ மாமாவிடமோ தொழில் பழகியவர்களின் கையில் இருக்கிறது. 2011-இல் நடந்த தேசிய ஆய்வின்படி ஆறு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொத்தை. விகாரை வாசலில் கரும்புச்சாறு வண்டி நின்றது. ஐஸ் போட்ட சாற்றைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஸ்ட்ரா செருகிக் கொடுக்கிறார்கள். எங்கள் வரிசையில் நின்ற குழந்தைகளில் பாதிப் பேர் கையில் அந்தப் பை.

எங்களிடம் இருந்தது மடக்கு நாற்காலி ஆறு, ஒரு கம்ப்ரஸர், அதில் ஓடும் டிரில் ஒன்று. எக்ஸ்ரே கிடையாது. கருவிகளைக் கிருமி நீக்க, கேஸ் அடுப்பின் மேல் இரண்டு பெரிய பிரஷர் குக்கர். 121 டிகிரி வந்த பிறகு இருபது நிமிடம் கணக்கு. அடுப்படியில் நின்ற நர்ஸ் அக்கா இதில் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். "டாக்டர், நீங்க எவ்வளவு அவசரப்பட்டாலும் குக்கர் அவசரப்படாது" என்பார். அவர் சொன்னதன் எடை அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2014 கடைசியில் பத்தம்பாங் மாகாணத்தில் ரோக்கா என்ற கிராமத்தில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்தது. பச்சைக் குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை அதில் இருந்தார்கள். உரிமம் இல்லாத ஒரு வைத்தியர் ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம். ஊசி போடும் கை சுத்தமாக இல்லாவிட்டால் ஒரு ஊருக்கே என்ன ஆகும் என்பதை அவர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள்.

நோயாளி

மூன்றாம் நாள் மாலை நாலரை மணி. 41 வயதுப் பெண், விவசாயி. முந்திரி பறிக்கும் கூலி வேலைக்கும் போகிறவர். எனக்கு மொழிபெயர்த்த புனோம் பென் கல்லூரி மாணவி அவரை 'மீங்' என்று கூப்பிட்டாள். அத்தை, சித்தி என்கிற மாதிரி. என்னை அவள் 'பாங்' என்பாள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் அங்கே ஒரே சொல்.

மீங் காலை ஆறு மணிக்கே வந்து டோக்கன் வாங்கியிருக்கிறார். இடது கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல், எங்கள் எண் கணக்கில் 36. பல்லின் மேல்பாகம் முக்கால்வாசி போய்விட்டது. பல் ஈறில் ஒரு சின்னக் கொப்புளம். அழுத்தினால் சீழ் வந்தது. இரண்டு மாதமாக ராத்திரித் தூக்கம் இல்லை என்றார். வலி தாங்காதபோது சொத்தைக் குழிக்குள் உப்பை வைத்து அழுத்திக்கொண்டு படுப்பாராம். சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, உதடு மரத்ததை உறுதி செய்துகொண்டு, எலிவேட்டர் என்ற நெம்புகருவியால் தளர்த்தி, ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடித்தேன். பின்பக்க வேர் முழுசாக வந்தது. முன்பக்க வேர் வளைந்திருந்தது. அதன் நுனி 'டக்' என்று உடைந்து உள்ளே நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை எந்தப் பல் மருத்துவரும் கையாலேயே கேட்பார். மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். எடுத்துவிட முயன்றேன். இருபது நிமிடம் போயிற்று. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, ஜெனரேட்டர் விளக்கு குழிக்குள் எட்டவில்லை, டிரில் வேறு நாற்காலியில் இருந்தது. அந்த நுனிக்குக் கீழே தாடை நரம்பின் குழாய் ஓடுகிறது. எக்ஸ்ரே இல்லாமல் துழாவினால் உதடு நிரந்தரமாக மரத்துப்போகும் ஆபத்து உண்டு. எங்கள் குழுவின் மூத்த மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "விட்டுடுங்க, சின்னதுதானே" என்றார். விட்டுவிட்டேன்.

கிருமித் தொற்றுக்கு அமாக்ஸிசிலின், மெட்ரோனிடஸோல் மாத்திரைகளை ஐந்து நாளைக்குக் கொடுத்தேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தபோது மாணவியைப் பக்கத்து நாற்காலிக்கு அழைத்துவிட்டார்கள். மிச்சத்தை நான் விரலைக் காட்டி, கைஜாடையில் சொன்னேன். மீங் தலையாட்டினார். பஞ்சைக் கடித்தபடியே கைகளைக் கூப்பி, நெற்றிவரை உயர்த்தி வணங்கிவிட்டுப் போனார். நான் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: 36 எடுக்கப்பட்டது, முன்வேர் நுனி விடப்பட்டது, நோயாளிக்குச் சொல்லப்பட்டது. கடைசி இரண்டு சொல் உண்மையில்லை. வேர் நுனி உள்ளே இருப்பதை அவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வழக்கம்போல வெள்ளைப் பலகையில் அன்றைய கணக்கை எழுதினார்கள். எத்தனை பேர், எத்தனை பல். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

பதினோராம் நாள்

பிறகு நடந்ததை மீங்கும் மாணவியும் சொல்லிக் கோத்துக்கொண்டேன். மாத்திரை இரண்டு நாள் சாப்பிட்டதும் வலி நின்றிருக்கிறது. மீதியை மகனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆகும் என்று எடுத்து வைத்துவிட்டார். ஏழாம் நாள் மறுபடி வலி. அப்போது முகாம் இல்லை, பஸ் போய் நாலு நாள் ஆகிவிட்டது. சந்தையில் ஊசி போடும் ஒருவரிடம் போயிருக்கிறார். ஒரு ஊசி, இரண்டு வண்ண மாத்திரை. பதினோராம் நாள் காலையில் தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம், வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை, கஞ்சிகூட விழுங்க முடியவில்லை.

பல் படித்தவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். கீழ்த்தாடைச் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கி இரண்டு பக்கமும் பரவினால் மூச்சுக்குழாயே அடைத்துக்கொள்ளும். ஆள் ஒரே நாளில் போய்விடலாம்.

கிராமச் சுகாதார நிலையத்தின் செவிலியர் அவரைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஆனால் எந்தப் பல், என்ன செய்தார்கள், என்ன மருந்து, ஒன்றும் அவரிடம் இல்லை. எங்கள் முகாமுக்கு வந்த மாணவி ஒருத்தியின் எண் மட்டும் இருந்தது. அவள் எனக்கு அழைத்தாள். நான் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம் அது. 'பாங், அந்த மீங் ஞாபகம் இருக்கிறதா?' என்று ஆரம்பித்தாள். மத்தியானம் ஓடிப்போய் ஸ்டோர் ரூம் பெட்டியிலிருந்து நோட்டைத் தேடி எடுத்து, பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் அதை அந்த நாட்டு மொழியான க்மெரில் எழுதி மாகாண மருத்துவமனைப் பல் மருத்துவருக்கு அனுப்பினாள். அவர் அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்து, சீழை வெளியேற்றி, பிறகு வேர் நுனியையும் எடுத்தார். எனக்கு இருபது நிமிடத்தில் முடியாத வேலை, எக்ஸ்ரே கையில் இருந்ததால் அவருக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மீங் பிழைத்தார். ஆனால் நான்கு முறை மோட்டார் சைக்கிள் வாடகை, மருந்துச் செலவு, அதற்கு மேல் முந்திரி பறிப்பு தொடங்குகிற நேரத்தில் இரண்டு வாரக் கூலி. இலவச முகாமில் பல் பிடுங்கியதற்கு அவர் கொடுத்த விலை இது.

எங்கே தவறினேன்

வேர் நுனி உடைவது தவறில்லை. வளைந்த வேர் யார் கையிலும் உடையும். உடைந்த நுனியை விட்டுவிடுவதுகூடச் சில நேரம் சரியான முடிவுதான். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனை உண்டு என்று மூன்றாம் வருடப் பாடத்திலேயே படித்திருக்கிறோம்: நுனி சின்னதாக இருக்க வேண்டும், எலும்பில் ஆழமாக இருக்க வேண்டும், அங்கே கிருமித் தொற்று இருக்கக் கூடாது. முதல் இரண்டும் பொருந்தின. மூன்றாவது பொருந்தவே இல்லை. நான் சீழைக் கண்ணால் பார்த்தேன். மூத்தவர் சொன்னார் என்பதற்காக அதை மறந்தேன்.

அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது மிகச் சாதாரணம். மாகாண மருத்துவமனைக்கு க்மெரில் ஒரு சீட்டு, போக்குவரத்துக்குக் கையில் பணம். அங்கே எக்ஸ்ரே இருக்கிறது, பல் மருத்துவர் இருக்கிறார். அவர் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயலவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. வெளியூரிலிருந்து உதவ வருகிறவர்கள் அந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். அங்கே ஆள் இருக்கிறார்கள். குறைந்த சம்பளத்தில், குறைந்த பொருளோடு, வருடம் முழுக்க இருக்கிறார்கள்.

நேரமும் ஒரு காரணம். நாலரை மணிக்கு ஒரு கடைவாய்ப்பல்லைத் தொடங்கியிருக்கவே கூடாது. ஆனால் காலை ஆறு மணியிலிருந்து காத்திருந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இந்த இரக்கம் முகாம்களில் நிறையப் பேரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது. 'இவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்காது' என்று நினைத்துத்தான் கை நீள்கிறது. இன்னொரு வாய்ப்பு இல்லாதவருக்குத்தான் சிக்கல் வந்தால் போக்கிடமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நோட்டு. பல் அவர் வாயில், நோட்டு என் பெட்டியில். அந்த மாணவியின் எண் செவிலியரிடம் இருந்தது தற்செயல். அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

அதே முகாமில் இன்னொரு நாற்காலி

இதையும் சொல்ல வேண்டும். அதே முகாமின் இரண்டாம் நாள் ஒரு சிறுமி வந்தாள், ஏழு வயது. கடைவாயில் புதிதாக முளைத்த பல்லில் பழுப்பாக ஒரு பள்ளம். பிடுங்கிவிடுங்கள், பால்பல்தானே, மறுபடி முளைக்கும் என்றார் அம்மா. எங்கள் ஊரிலும் இதைத் தினமும் கேட்கலாம். ஆறு வயதில் பால்பல் எதுவும் விழாமலேயே பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல் அது. அது நிரந்தரப் பல் என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. நான் அந்த அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மகளின் முன்பல் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணச் சொன்னேன். முவோய், பி, பெய், புவோன், ப்ராம், ப்ராம் முவோய். ஆறாவது. இது போனால் வராது என்று மாணவி சொன்னதும் அந்த அம்மா விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

டிரில் வேண்டாம், கரண்டி மாதிரி இருக்கும் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்டை வைத்து, வாஸலின் தடவிய விரலால் அழுத்தினால் போதும். 1980-களில் தான்சானியாவில் தொடங்கிய முறை இது. மின்சாரமில்லாத ஊருக்கென்றே பிறந்தது. அவளுடைய பால்பற்களில் இருந்த மற்ற சொத்தைகளுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளூரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்தேன். வலியில்லை, ஊசியில்லை, ஒரு பல்லுக்கு ஒரு நிமிடம். சொத்தை அங்கேயே கெட்டிப்பட்டு நிற்கும், ஆனால் கறுப்பாகிவிடும். அதை முதலிலேயே படம் காட்டிச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்த இரண்டையும் ஃபுளூரைடு பற்பசையையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அன்று ராத்திரி வெள்ளைப் பலகையில் அந்தச் சிறுமிக்கு இடமில்லை. அவளுக்குப் பிடுங்கிய பல் பூஜ்யம்.

மறு வருடம்

2024 ஜனவரியில் திரும்பப் போவதற்கு முன்னால் எங்களுக்குள் நிறையச் சண்டை நடந்தது. போகாமல் விமானக் கட்டணத்தை அப்படியே அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது நியாயமான கேள்வி. என்னால் இன்னும் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அந்த மாகாணப் பல் மருத்துவரிடமே கேட்டோம். வாருங்கள், ஆனால் என் திட்டத்துக்கு வாருங்கள் என்றார்.

அவர் திட்டத்தில் முதல் மாற்றம் நாள்கணக்கு. பல் பிடுங்குவது முதல் மூன்று நாள் மட்டும், அதுவும் மத்தியானம் இரண்டு மணி வரை. பல் பிடுங்கிய குழியில் சிக்கல் வந்தால் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தெரிந்துவிடும். நாங்கள் இருக்கும்போதே திரும்பி வர முடியும். கடைசி இரண்டு நாள் குழந்தைகளுக்கும் மறுபரிசோதனைக்கும். அப்புறம் சீட்டு. பல் படம் போட்டு க்மெரில் அச்சடித்த, கார்பன் வைத்த மூன்று தாள்: ஒன்று நோயாளிக்கு, ஒன்று சுகாதார நிலையத்துக்கு, ஒன்று மருத்துவமனைக்கு. எங்களுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. பற்பசையைக்கூட அந்த ஊர்க் கடையிலேயே வாங்கினோம். தீர்ந்தால் எங்கே கிடைக்கும் என்று அம்மாக்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. வெள்ளைப் பலகையை யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை.

ஏழு வயதுச் சிறுமி எட்டு வயதாகி வந்தாள். ஆறாவது பல்லில் வைத்த அடைப்பு ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. பல் உயிரோடு இருந்தது. அந்த இடத்தைச் சரிசெய்தோம். அவள் தம்பியையும் கூட்டி வந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை மீங் வந்தார். தாடைக்குக் கீழே, சீழ் எடுத்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு. என்னைப் பார்த்ததும் கைகூப்பினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போன வருடம் வேர் நுனி உள்ளே இருந்ததை உங்களிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டேன், அது என் தவறு என்று மாணவி மூலம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இந்த முறை சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார். வலது பக்கத்தில் இன்னொரு பல் வலிக்கிறதாம்.

நான் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பிடுங்க வேண்டிய பல்தான். மாகாணப் பல் மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மணி மூன்றரை. நாளைக் காலை மருத்துவமனைக்கு வாருங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் செய்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுச் சீட்டு எழுத உட்கார்ந்தார். சாலாவுக்குள் வெளிச்சம் போதவில்லை. நான் டார்ச்சை அவர் எழுதும் தாளின் மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். மீங் தன் தாளை வாங்கி நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார்.